துளசிமணிக்கு வாங்கிய தக்ளி

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் அம்மணி, காற்று அடித்தால் எனக்குத் தலை வலிக்கும். இல்லை, வேண்டாம், திறந்தே இருக்கட்டும். புழுக்கமும் எனக்கு ஆகாது. என்னைத் தெரிகிறதா? சற்று முன்னால் கதர்க்கடையில் பார்த்துக்கொண்டோமே. தக்ளிப் பெட்டி முன்னால் எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றீர்கள். பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் நூல் நூற்கச் சொல்லித் தருகிறார்களாம், வாங்கி வரச் சொன்னார்களாம் என்றீர்கள். நான்தானே பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டு கிடைத்திருக்கிறது பாருங்கள்.

பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? பைக்கு அடியில் போட்டு மேலே சாமான் ஏற்றாதீர்கள். கம்பி வளைந்தால் முடிந்தது. பார்த்தால் ஒன்றுமில்லை, ஒரு சாண் கம்பி, அடியில் ஒரு பித்தளை வட்டு, நுனியில் பஞ்சு மாட்ட ஒரு கொக்கி. ஆனால் பெட்டி நிறையக் கிடக்கிறதில் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. நான் என்ன செய்தேன் என்று பார்த்தீர்கள்தானே? முதலில் கண்ணாடி மேசையில் உருட்டினேன். வளைந்த கம்பி குதிக்கும், நேரான கம்பி ஓடும். அப்புறம் கொக்கியில் நகத்தை வைத்து இழுத்தேன். பிசிறு இருந்தால் நூலை அறுக்கும். கடைசியில் உள்ளங்கையில் நிறுத்திச் சுற்றிவிட்டேன். உங்களுக்கு எடுத்தது சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை, அப்படி நின்றது. அந்தப் பெட்டியிலேயே அதுதான் நல்லது.

நான் எனக்கு எடுத்தது அந்தப் பெட்டியிலேயே கெட்டது.

சிரிக்காதீர்கள். நான் விவரம் தெரியாமல் எடுக்கவில்லை. உங்களுக்கு நல்லது தேடப் பிடித்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு பிடித்தது எனக்கு இந்தக் கெட்டதைத் தேட. கடைக்காரர்கூட ஒரு மாதிரி பார்த்தார். "ஏனுங்க, அதுல வட்டு லூசா இருக்குதுங்க, வேற எடுத்துக்கங்க" என்றார். எங்கே பிடுங்கிப் போட்டுவிடுவாரோ என்று பயந்து, அவசர அவசரமாக மஞ்சளை எடுத்துப் பூசிவிட்டேன். மஞ்சள் பூசிவிட்டால் அது அம்மனுடையது. அப்புறம் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அந்த வருஷத்துக்கு வேறு வாங்கவும் கூடாது.

இது எனக்கில்லை. என் கொழுந்தனார் பெண்டாட்டி துளசிமணிக்கு.

கேஸை அணைத்தேனா என்று ஒரே யோசனையாக இருக்கிறது. அணைத்திருப்பேன். பால் காய்ச்சினேன், இறக்கினேன், அப்புறம்... அணைத்திருப்பேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பு கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சுற்று வட்டாரத்தில் தெரியும். கோயிலுக்கு முன்னால் கம்பம் நடுவார்கள். அந்தக் கம்பத்துக்கும் பூசாரி கைக்கும் கட்டுகிற காப்பு நூலைக் கடையில் வாங்குவதில்லை. எங்கள் வீட்டு மருமகள்தான் அம்மன் முன்னால் உட்கார்ந்து தக்ளியில் நூற்றுக் கொடுக்க வேண்டும். அவள் நூற்று முடிக்கிற வரைக்கும் மேளம் அடிக்க மாட்டார்கள். பேச்சு இருக்காது. ஊரே சுற்றி நின்று நம் கை விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எங்கேயும் யாரும் என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தது கிடையாது. கல்யாண வீட்டில் பந்தி போடக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். வருஷத்தில் அந்த ஒரு காலை மட்டும் ஊர்க் கவுண்டர் முதற்கொண்டு எனக்காக நின்றுகொண்டிருப்பார். உங்களுக்குப் புரிகிறதா?

மாமியார் சாகும்போது மூத்தவள் என்று அந்த உரிமையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதில் இரண்டு கட்டுப்பாடு. நூற்கிறவள் தன் தக்ளியைத் தானே வாங்கக் கூடாது. இன்னொரு மருமகள்தான் வாங்கி, சாமி முன்னால் கையில் கொடுக்க வேண்டும். "அப்பவாச்சும் ரெண்டு பேரும் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்குவீங்க" என்பார்கள் மாமியார். இன்னொன்று, நூற்கும்போது நூல் அறுந்துவிட்டால் முடி போடக் கூடாது. அந்த வருஷம் மீதியை மற்றவள் நூற்பாள். அடுத்த வருஷத்திலிருந்து உரிமையும் அவளுக்குத்தான், அவள் கையில் அறுகிற வரைக்கும்.

யோசித்துப் பாருங்கள். என் கையில் அறுந்தால் யாருக்கு லாபமோ அவளே எனக்குத் தக்ளி வாங்கித் தருவாள். மாமியார் நல்லவர்கள்தான். ஆனால் துளசிமணி எப்படிப்பட்டவள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அவள் எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சண்டை போட மாட்டாள். குரலே உயராது. பன்னிரண்டாவது படித்தவள், பேப்பர் வாசிப்பாள். நான் ஏதாவது கத்தினால், "சரிங்க்கா, நீங்க சொல்றதும் சரிதானுங்க" என்பாள். "சொல்றதும்". கவனித்தீர்களா, அந்த "உம்". எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரம் ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி தெரு வழியாகக் கொண்டுவந்தாள். கொல்லைப்புறம் வழி இருக்கிறது, அதில் வரலாம்தானே? கொல்லையில் சேறு என்று சாக்குச் சொன்னாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். காப்புக்கு முதல் நாள் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பாவாயியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். "அக்காவுக்கு இப்பல்லாம் கை நடுங்குதுங்க, பாவம், மாத்திரை சரியாப் போட்டுக்கறதில்ல" என்று. என் காதில் விழுந்துவிட்டது. பாவமாம். யார் கை நடுங்குகிறது? ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் குளித்து, ஈரப் புடவையோடு அம்மன் முன்னால் உட்கார்ந்தேன். தக்ளியைக் கையில் கொடுத்தாள். பஞ்சை மாட்டிச் சுற்றினேன். என் எதிரிலேயே வந்து நிற்கிறாள் அம்மணி. கையைக் கட்டிக்கொண்டு, உதடு அசைய, சாமி கும்பிடுகிற மாதிரி. எனக்குத் தெரியாதா அவள் என்ன வேண்டிக்கொண்டிருப்பாள் என்று? நான் அவள் உதட்டையே பார்த்தேன். ஒரு கண் நூலில், ஒரு கண் அவளில் என்று சொல்லலாம். பொய் எதற்கு, இரண்டு கண்ணும் அவள் மேல்தான். அறு, அறு என்றுதான் சொல்லியிருப்பாள்.

அறுந்துவிட்டது.

கூட்டத்தில் யாரோ "அடடா" என்றார்கள், அவ்வளவுதான். அவள் என் பக்கத்தில் குனிந்து, தோளில் கையை வைத்து, "பரவாயில்லைங்க்கா" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல எத்தனை வருஷம் காத்திருந்தாளோ. எனக்கு வந்த கோபத்தில் தக்ளியைத் தரையில் வீசி அடித்தேன். கோயில் முன்னால் எல்லாம் கருங்கல் பாவியிருக்கிறார்கள். அது இரண்டு குதி குதித்து, கம்பத்தில் மோதி, திரும்பி வந்து விழுந்தது. எதற்கும் பார்ப்போம் என்று எடுத்துக் கல்லில் உருட்டினேன். நான் சந்தேகப்பட்டது சரிதான். டக்கு டக்கு என்று குதிக்கிறது. கம்பி வளைந்திருக்கிறது.

வளைந்த தக்ளியை வாங்கிக் கொடுத்திருக்கிறாள் அம்மணி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மீதியை அவள் அதிலேயே நூற்று முடித்ததும், வீட்டுக்கு எடுத்து வந்து இவரிடம் காட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் தறி மேலிருந்து இறங்காமலேயே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ வீசுனதுல வளைஞ்சிருக்கும்" என்கிறார். எப்போதும் அவருக்குத் தம்பி வீடுதான் உசத்தி. வீசினால் வளைகிற கம்பியையா சாமிக்கு வாங்குவார்கள் என்று கேட்டேன். தறியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் நான் என்ன பேசினாலும் காதில் விழாது, அவருக்கு அது வசதி.

போன வருஷம் அவள் முறை. அப்படியென்றால் தக்ளி வாங்குவது என் முறை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? இல்லை, சும்மா கேட்கிறேன்.

இதே கடைக்குத்தான் வந்தேன். எல்லோரும் ஓடுகிற கம்பியைத் தேடுவார்கள், நான் குதிக்கிற கம்பியைத் தேடினேன். அருமையாக ஒன்று கிடைத்தது. மேசையில் விட்டால் தவளை மாதிரி போகிறது. மஞ்சள் பூசிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு தரம் உருட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாமியார் சொன்ன மாதிரி ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். அப்புறம் சிரித்துக்கொண்டே, "நல்லாருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அறுகிற நேரத்துக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்றுகூட வீட்டுக் கண்ணாடியில் பார்த்து வைத்திருந்தேன். அவளானால் மெதுவாக, எருமை நடக்கிற மாதிரி நூற்கிறாள். கொஞ்சம் சுற்றுவாள், நிறுத்துவாள், சுருட்டுவாள். மறுபடி கொஞ்சம். என் நூல் தலைமுடி மாதிரி இருக்கும். அவளுடையது சாக்குத் தைக்கிற சணல். வெயில் ஏறி, பெண்பிள்ளைகள் எல்லாம் நிழலுக்கு ஒதுங்கி, மேளக்காரர் உட்கார்ந்தே விட்டார். ஆனால் அறவில்லை. கடைசி வரைக்கும் அறவில்லை.

அத்தோடு விட்டாளா? நூலைப் பூசாரி கையில் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா எடுத்துக் குடுத்த தக்ளிங்க. அக்கா கை ராசி" என்றாள். உடனே ஊர்க் கவுண்டரின் சம்சாரம் என் கன்னத்தைத் தடவி, "ரெண்டு மருமகளும் இப்படி ஒத்துமையா இருக்கறதப் பாத்தாலே வயிறு குளுருது கண்ணு" என்கிறார். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? பாராட்டை வாயில் திணித்து மூச்சு முட்ட வைத்தாள். அவளுக்குத் தெரியும் அம்மணி, தக்ளி கோணல் என்று. தெரிந்துதான் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அதனால்தான் இந்த வருஷம் யோசித்து வாங்கினேன். வருஷம் பூராவும் யோசித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த கம்பி கூடாது, அவள் உருட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள், அதற்கேற்ற மாதிரி கையை மெதுவாக்கிக்கொள்வாள். இந்தாருங்கள், இதைப் பாருங்கள். பையிலேயே வைத்துப் பாருங்கள், வெளியே எடுக்க வேண்டாம், சாமி சாமான். கம்பி நேர். கொக்கி சுத்தம். காலியாகச் சுற்றினால் உங்களுடையது மாதிரியே நிற்கும். ஆனால் வட்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். லேசாக ஆடுகிறதா? நூல் ஏற ஏற அந்தக் கனத்தில் வட்டு ஒரு பக்கம் சாயும். பாதி வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஊரே பார்க்கும், ஆகா என்ன வேகம் என்று நினைக்கும், அவளுக்கும் தைரியம் வந்துவிடும். அப்புறம் திடீரென்று ஒரு உதறு உதறும் பாருங்கள். சணல் கயிறாக இருந்தாலும் நிற்காது.

நான் என்ன சொல்வேன் தெரியுமா? ஒன்றும் சொல்ல மாட்டேன். பக்கத்தில் குனிந்து, தோளில் கையை வைத்து, "பரவாயில்லை கண்ணு" என்பேன். அவ்வளவுதான். மீதியை நான் உட்கார்ந்து நூற்பேன். அடுத்த வருஷமும் நான்தான். இனிமேல் நான்தான். நாளைக் காலையில் காப்பு. இன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராது, அது சந்தோஷத்தில்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் கெட்டவள் இல்லை அம்மணி. கெட்டவளாக இருந்தால் உங்களுக்கு நல்லது எடுத்துக் கொடுத்திருப்பேனா?

இருங்கள், போன் அடிக்கிறது. பாருங்கள், அவளேதான். நூறு ஆயுசு.

"சொல்லு துளசி. பஸ்ஸுலதான் வர்றேன். ஆமா, வாங்கிட்டேன். மஞ்சளும் வெச்சாச்சு... என்னது? கேக்கல, பஸ்ஸு சத்தம்... கேஸா? நீ எதுக்கு எங்க வீட்டுக்குப் போன? சரி, சரி, அணைச்சுட்டயில்ல... அப்புறம்? கோயில்லயா? யாரு சொன்னாங்க? நீயா சொன்ன?... எதுக்கு? நான் கேட்டனா உங்கிட்ட?... மைக்குல சொல்லிட்டாங்களா... அப்பத் தக்ளிக்கு என்ன பண்றது?... இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சேன், பொறையேறிடுச்சு. வெக்கறேன்."

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா அம்மணி? இல்லையா, பரவாயில்லை.

கேட்டீர்களா அவள் செய்ததை? கேஸ் எரிந்துகொண்டிருந்ததாம், பால் சட்டி கருகிக்கிடந்ததாம், இவள் போய் அணைத்தாளாம். அதை விடுங்கள். கோயிலில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். "மூத்தவங்க இருக்கறப்ப நான் நூக்கறது எனக்குச் சங்கடமா இருக்குதுங்க, இந்த வருசம் அக்காவே நூக்கட்டும்" என்று. நூற்கிறவளே விட்டுக்கொடுத்தால் செல்லும், அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. இதுவரைக்கும் யாரும் செய்ததில்லை, எவள் செய்வாள்? கவுண்டர் சரி என்று சொல்லி, மைக்கிலும் சொல்லிவிட்டார்களாம். ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. நாளைக் காலையில் நான்தான் உட்கார வேண்டும்.

தக்ளிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருக்கிறாள். "அதான் நீங்க வாங்கி மஞ்சள் வெச்சுட்டீங்களேக்கா, வருசத்துக்கு ஒண்ணுதானுங்களே. எங்கிட்டக் குடுங்க, நான் சாமி முன்னால உங்க கையில குடுத்தர்றேன். எனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்திருப்பீங்க. அது உங்க கைக்கே வரட்டும்" என்கிறாள்.

எனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்திருப்பீங்க. அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். தேன். தெரிந்து சொல்கிறாளா தெரியாமல் சொல்கிறாளா என்று இந்த ஜென்மத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்துதான் சொல்கிறாள். நான் ஒரு வருஷம் யோசித்ததை அவள் ஒரு போனில் முடித்துவிட்டாள். இவளை நல்லவள் என்கிறார்கள் எங்கள் ஊரில்.

கேட்டதுதானே கிடைத்திருக்கிறது என்கிறீர்களா? எப்படிக் கிடைத்தது? அவள் போட்ட பிச்சையாக. அந்தப் பிச்சையிலும் நாளைக்கு ஊரே பார்க்க, பாதி நூலில் இது உதறும். மறுபடியும் என் கையில் அறும். மறுபடியும் என் தோளில் கையை வைப்பாள். வட்டைத் தட்டி இறுக்கலாம் என்றால், தட்டுகிற தட்டில் கம்பி வளையும். திரும்பிப் போகலாம் என்றால் கடையை மத்தியானத்தோடு அடைத்துவிடுவார்கள்.

அம்மணி, உங்கள் பெண் எத்தனாவது படிக்கிறாள்? சின்னப் பிள்ளைதானே. சின்னப் பிள்ளை எவ்வளவு நூற்கப் போகிறது? பத்து விரல் நீளம் நூற்கும், பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு விளையாடப் போய்விடும். அதுவரைக்கும் வட்டு ஆடவே ஆடாது. நான்தான் சொன்னேனே, காலியாகச் சுற்றினால் இரண்டும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் என்ன, ஊரா சுற்றி நின்று பார்க்கப் போகிறது?

மஞ்சளா? அது பெரிய விஷயமில்லை. முந்தானையில் துடைத்தால் போய்விடும். பித்தளையும் மஞ்சள்தான், சுவடு இருந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது? அம்மனுக்குத் தெரியுமாம், நீங்கள் வேறு. அம்மன் நியாயம் தெரிந்தவள். இத்தனை நேரம் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே வந்தீர்கள், யார் பக்கம் நியாயம் என்று உங்களுக்கே தெரியாதா? உங்களுக்கு அந்தத் தக்ளியைத் தேடிக் கொடுத்ததே நான்தான். நான் இல்லாவிட்டால் குதிக்கிற கம்பி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

இதோ, துடைத்துவிட்டேன். கொஞ்சம் நகத்தால் சுரண்டினால் சரியாகிவிடும். அடுத்த ஸ்டாப்பில் நான் இறங்க வேண்டும், இதை வைத்துக்கொண்டு உங்களுடையதைச் சீக்கிரம் கொடுங்கள்.

ஏன் அம்மணி, பையை எதற்கு அந்தப் பக்கம் நகர்த்துகிறீர்கள்?